மூன்று நாள் பிந்தி வரும் சத்தம்

சாமுவேல்விளையில் சத்தம் மூன்று நாள் பிந்தி வந்துகொண்டிருந்த காலத்தில், அதாவது ரயில்வே கேட்டுக்குத் தெற்கே நாற்பத்தொரு வீடும் ஒரு வேதக்கோயிலும் ஒரு கல்யாண மண்டபமும் இருந்து, அங்கே இருந்தவர்களெல்லாம் திங்கட்கிழமை வாசித்ததை வியாழக்கிழமை கேட்பதற்குப் பழகிப்போயிருந்த காலத்தில், அருமைநாயகம் என்கிற ஓய்வுபெற்ற கேட் கீப்பர் தன் வாழ்நாளில் வாங்கிய முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டுப் புதியதாக ஒன்றை வாங்குவதா என்று தொண்ணூறு நாள் தவித்தார்.

அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். முப்பத்தோரு வருஷம் அந்த ஊர் கேட்டில் வேலை பார்த்தார். அடுத்த ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடித்ததும் கேட்டை இறக்கிவிடுவார். அதன்பின் வண்டி கண்ணில் பட ஏழு நிமிஷமும் ஆகும், ஒன்பது நிமிஷமும் ஆகும். அதுவரை இரண்டு பக்கமும் நிற்கிற சைக்கிள்காரனும் லாரிக்காரனும் பனங்கிழங்குக் கட்டோடு நிற்கிற பெண்பிள்ளைகளும், வராத வண்டிக்கு எதுக்குவே அடைக்கீர் என்று அவரை ஏசுவார்கள். அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. கூச்சம் ஒரு காரணம். வண்டி வரத்தான் போகிறது என்பது இன்னொரு காரணம். வந்த வண்டி போய் முடிகிறவரை பச்சைக் கொடியோடு நின்று பெட்டிகளை எண்ணி, கேட்டைத் தூக்கிய பிறகு தன் சொந்த நோட்டில் எழுதிவைப்பார். அந்தக் கணக்கை ரயில்வே கேட்கவில்லை. எண்ணாமல் ஒரு வண்டியை விட அவருக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

அந்த ஏழு, ஒன்பது நிமிஷங்களில் வாசிக்க அவரிடம் ஒரு சாதாரண மரக் கிட்டார் இருந்தது. கேட் அறையின் நிழலில் உட்கார்ந்து அவராகவே கட்டிய மெட்டு ஒன்று உண்டு, வார்த்தை கிடையாது, எட்டு வரி போகும், எட்டாவது வரிக்கு மேல் போக முடியாமல் வண்டி வந்துவிடும். மத்தியானச் சோறு கொண்டுவருகிற அவர் மனைவி ஞானப்பூ, சுவரில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, இதுக்கு முடிவே கிடையாதா என்பாள். வண்டி வந்துருதே ஏளா, என்பார் அவர். முப்பத்தோரு வருஷமும் அவர்களுக்குள் இதே கேள்வி, இதே பதில்.

ஓய்வுபெற்று இரண்டு வருஷம் கழித்து அந்த மெட்டுக்கு ஒரு முடிவு அவர் விரலுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு வரி, ஒன்பதாவது வரி. ஆனால் அது கிடைத்த நேரத்தில் ஞானப்பூ கட்டிலோடு ஆகியிருந்தாள். இதயம் பலவீனம், காலில் நீர், காதும் பாதிதான். காதுக்கு வாங்கிய மெஷின் உள்ளே விசிலடிக்கிறது என்று கழற்றி டம்ளருக்குள் போட்டுவிட்டாள். மரக் கிட்டாரை அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து வாசித்தாலும், நீங்க தடவுதது தெரியுது, சத்தம் வரலையே என்றாள். அப்போதுதான் அவர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனார். அதுவும், இன்னும் ஆறு மாதம் என்பது அதிகம் என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாளே போனார்.

பாளையங்கோட்டையில் கடை. அவர் போன அந்தச் சனிக்கிழமை பார்த்து மாதாந்திரப் பராமரிப்பென்று ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை அந்த வட்டாரம் முழுக்கக் கரண்ட் இல்லை. கடைக்காரர் வாசல் வெளிச்சத்தில் இரண்டு கிட்டாரைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று புதியது, சிவப்பு, உடம்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கவில்லை. மற்றது யாரோ வைத்திருந்து விற்றது, பழுப்பு; கழுத்தின் பின்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் பெருவிரல் தேய்ந்து தேய்ந்து வார்னிஷ் போயிருந்தது.

“புதுசுக்கு ஒரு வருஷம் வாரண்டி இருக்கு அண்ணாச்சி. பழசுக்கு என் வாய்தான் வாரண்டி,” என்றார் கடைக்காரர்.

அருமைநாயகம் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மடியில் வைத்து, கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திருகாணிகளைத் திருப்பி, ஆறு கம்பியையும் கழுத்தில் குறுக்கே ஓடும் இருபத்திரண்டு உலோகக் கட்டுகளிலும் அழுத்திப் பார்த்தார். ஆக ஒரு கிட்டாருக்கு நூற்று முப்பத்திரண்டு இடம். புதியதில் கம்பி விறைப்பாக நின்று விரல் நுனியை அறுத்தது. பன்னிரண்டு இடத்தில் கம்பி கட்டின்மேல் பட்டு இரைந்தது. பழையதில் நான்கு இடத்தில்தான் இரைச்சல். அதோடு தேய்ந்துபோன அந்த இடத்தில் அவருடைய பெருவிரல் தன் வீட்டுக்குள் போவதுபோலப் போய் உட்கார்ந்தது. கரண்ட் வரட்டும், சொருகிக் கேட்டுட்டு வாங்குங்க என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். ஆனால் மூன்று பத்து பஸ்ஸைவிட்டால் ஐந்து மணிக்கு ஞானப்பூவுக்கு மாத்திரை கொடுக்க ஆளில்லை. காது கேட்க வேண்டிய ஒரு பொருளை விரலால் மட்டும் பார்த்து அவர் வாங்கியது இப்படித்தான். இருநூற்று அறுபத்து நாலு இடம் அழுத்திப் பார்த்த மனிதர்மேல் கடைக்காரருக்கு ஒரு மரியாதை வந்திருக்க வேண்டும். பில்லின் பின்பக்கம், இன்றிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் கொண்டுவந்தால் புதியதற்கு மாற்றித் தரப்படும் என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மாத்திரை கொடுத்து, கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, கிட்டாரைக் கூடவே வாங்கிவந்த ஸ்பீக்கர் பெட்டியில் சொருகி, பெட்டியின் சத்தக் குமிழை நாலில் வைத்து, ஐந்து இருபதுக்கு வாசிக்கத் தொடங்கினார். கம்பி மட்டும் கொசுபோல முனகியது. பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. எட்டு வரியையும் வாசித்து முடித்தபின் ஞானப்பூ, இன்னும் ஆரம்பிக்கலையா என்று கேட்டாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மைக்செட் தாவீது வந்து பெட்டியில் தன் மைக்கைச் சொருகி ஹலோ சொல்லிப் பார்த்தான். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. வயரை மாற்றினான், அப்போதும் கிட்டார் பேசவில்லை. கரண்ட் இல்லாத கடையில் கரண்ட் கிட்டார் வாங்கினவர் என்று ஊரில் இரண்டு நாள் சிரித்தார்கள். புதன்கிழமை கொண்டுபோய் மாற்றிவிடுவது என்று அருமைநாயகம் முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து இருபதுக்கு அவர் கொல்லையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கிட்டார் உறைக்குள், உறை பீரோவின் மேல். ஞானப்பூ கட்டிலில் சாய்ந்து மடியில் தட்டை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்போது கட்டிலை ஒட்டிக் கிடந்த வெறும் ஸ்டூலிலிருந்து அந்த மெட்டு எழுந்தது. சனிக்கிழமை எந்த வேகத்தில் வாசித்தாரோ அதே வேகம். எங்கே தயங்கினாரோ அதே தயக்கம். குடத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் உள்ளே ஓடிவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, எட்டு வரியும் முடிந்தது.

“நாலாவது வரியில ஒரு தப்பு விட்டீங்க,” என்றாள் ஞானப்பூ. “கேட்ல வாசிக்கும்போது அந்தத் தப்பு வராது.”

ஸ்டூல் ஏன் காலியாக இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவள் காதுக்குச் சத்தம் வந்துவிட்டது. அதற்குமேல் அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவருக்கோ கணக்கு வேண்டியிருந்தது. ஒன்பது தடவை, ஒன்பது வேறு வேறு நேரத்தில், ரயில்வே கடிகாரத்தோடு ஒத்துவைத்த கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்து, ஒன்பது தடவையும் எழுபத்திரண்டு மணி நேரம், ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று நோட்டில் எழுதினார். எந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்தாரோ அந்த இடத்தில், குமிழ் எந்த எண்ணில் இருந்ததோ அந்த உரத்தில் அது வந்தது. கடைக்காரரைப் போனில் கேட்டதற்கு, விற்றவர் அதிகம் பேசாத ஆள், காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று மட்டும் சொன்னார். அதன்பின் காரணத்தை யாரும் தேடவில்லை.

அடுத்த வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த சுடலைவடிவுக்குத்தான் முதலில் விஷயம் தெரிந்தது. அவள் வந்து ஸ்டூலின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். பத்து நாளில் கோயில் கமிட்டி கூடியது. பாட்டுக்குழுவில் வாசித்த ஆள் துபாய் போனதிலிருந்து ஆராதனை வெறுமையாக இருந்ததால், கோயிலைத் திறந்து மணியடிக்கிற கோயில்குட்டி இனி வியாழன்தோறும் ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும், அருமைநாயகம் யாருமில்லாத கோயிலில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளை வரிசைப்படி வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இதில் சபை போதகரான ஐயருக்குத்தான் கஷ்டம். பிரசங்கத்துக்கு அடுத்த பாட்டு பத்து பதினாறுக்கு என்றால் பத்து பதினாறுக்கு அது வந்துவிடும், ஐயர் மோசேயைப் பாதிக் கடலில் விட்டிருந்தாலும் சரி. அருமைநாயகத்தின் நோட்டின்படி முப்பத்தெட்டு நிமிஷமாக இருந்த பிரசங்கம் நாலு வாரத்தில் இருபத்தோரு நிமிஷமாக வற்றியது. சபையில் ஆள் கூடியது அதனால்தான் என்பதை ஐயரைத் தவிர எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கும் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைக் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமையே போய், மடக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே, வராத மணப்பெண்ணுக்கு நடை வாசித்துவிட்டு வருவார். முதல் கல்யாணத்தில் பெண் பதினோரு நிமிஷம் தாமதம்; அவளுக்கான இசை ஆளில்லாத கம்பளத்தின் மேல் தானாக நடந்துபோய் முடிந்துவிட்டது, பெண் அழுதுகொண்டே சும்மா நடந்தாள். அதன்பின் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அரை மணி முன்னதாகவே வந்து வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவ்வளவு வரை நன்றாகத்தான் இருந்தது. தங்கையா பெரியவர் வீட்டில்தான் கெட்டது. வெல்ல வியாபாரம் செய்த தங்கையாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. சனிக்கிழமை தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் புதன்கிழமை காலையில் வந்து, அண்ணாச்சி, இப்பவே வந்து முற்றத்தில அடக்கப் பாட்ட வாசிச்சிட்டீங்கன்னா சனிக்கிழமை சரியா இருக்கும், என்று கையைப் பிடித்தான். அருமைநாயகம் மாட்டேன் என்றார். சாவு வீட்டுக்கு வாசிக்காதவன் கல்யாண வீட்டுக்கு மட்டும் ஏன் போனான் என்று கேட்டார்கள். கூச்சப்படுகிறவருக்கு இல்லை என்று இரண்டு தடவை சொல்ல வராது, போனார், வாசித்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு முற்றத்தில் அடக்கப் பாட்டு எழுந்தபோது தங்கையா கண்ணைத் திறந்து, யார் செத்தது என்று கேட்டு, எழுந்து உட்கார்ந்து கஞ்சி வாங்கிக் குடித்தார். ஆனால் பாட்டைப் பக்கத்தில் நின்று கேட்ட மூத்த மருமகள், கல்லுப்போல இருந்தவள், அன்று சாயந்திரம் துணி எடுக்க மாடிக்குப் போய் வழுக்கி விழுந்து செத்துப்போனாள்.

பாட்டு வந்துவிட்டது, எடுத்துக்கொண்டு போக ஆள் வேண்டுமே, போய்விட்டது என்று ஊர் பேசியது. இவர் வாசிப்பது நடக்கப்போவதை நடத்தி வைக்கிறது என்று அன்றைக்குத்தான் முதலில் சொன்னார்கள். அவரும் கேட்டைப் போட்டவர்தானே, கேட்டைப் போட்டதால் வண்டி வந்ததா, வண்டி வருவதால் கேட்டைப் போட்டாரா என்று யோசிக்க அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் முப்பத்தோரு வருஷம் அவரை ஏசியிருக்க மாட்டார்கள். கிட்டார் உறையோடு அவர் தெருவில் நடந்தால் பெண்கள் வாசல் நடையை அடைத்தார்கள். எங்காவது உட்கார்ந்தால் தள்ளி நின்று, என்ன பாட்டு அண்ணாச்சி, சந்தோஷப் பாட்டுத்தானே என்று கேட்டார்கள். இன்னும் சிலர் சாயங்காலம் வந்து, எங்க வீட்டில மட்டும் ஒரு நல்ல பாட்டா வாசிச்சிட்டு வாங்க என்றார்கள். ஒருத்திக்கு மகளின் பிரசவம், ஒருவனுக்கு விசா, ஒருவனுக்குக் கிணற்றில் தண்ணீர். அவர் எல்லாரிடமும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கோயில் கமிட்டி மறுபடி கூடி, வியாழக்கிழமைச் சாவியை வாங்கிக்கொண்டது. மறு ஞாயிறு பிரசங்கம் நாற்பது நிமிஷம்.

ஞானப்பூவின் தம்பி செல்லத்துரை பக்கத்து ஊரில் ஆம்னி வேன் வைத்து ஓட்டினவன். அக்கா என்றால் உயிர். அவன் வந்து கிட்டார் உறையைத் தூரத்திலிருந்து பார்த்து, “அத்தான், அத நாள் தாண்டுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துருங்க. புதுசுல வாசிச்சா வாசிச்ச உடனே கேட்டுரும், யாருக்கும் தொந்தரவில்ல,” என்றான்.

அதைத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார், ஆனால் வேறு காரணத்துக்காக. எண்பது நாளாக அவர் எட்டு வரியைத் தவிர வேறெதையும் ஞானப்பூவின் அருகில் வாசிக்கவில்லை. ஒன்பதாவது வரியை எடுக்கப் போகும்போதெல்லாம் விரல் நின்றுவிடும். இப்போது வாசித்தால் மூன்று நாள் கழித்து வரும். மூன்று நாள் கழித்து அவள் இருப்பாளா என்று அவருக்குத் தெரியாது. அவள் முகம் வீங்கிக்கொண்டு வந்தது. மூச்சை அவர் எண்ணினார்: நிமிஷத்துக்கு இருபத்து நாலு இருந்தது, இருபத்தெட்டு ஆனது, முப்பத்தொன்று ஆனது. அந்த ஒரு வரி வெறும் கட்டிலுக்கு வந்து சேர்ந்துவிடுமோ என்கிற பயத்தில் அதை அவர் வாசிக்கவே இல்லை.

எண்பத்தேழாம் நாள், திங்கட்கிழமை, மத்தியானம் சோற்றை இரண்டு வாயோடு தள்ளிவிட்டு ஞானப்பூ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிவு கிடைச்சிட்டுல்லா?” என்றாள்.

கிடைத்ததை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. “யார் சொன்னா?”

“எட்டாவது வரி முடிஞ்ச பெறகு உங்க எடது கை கம்பிய விட மாட்டேங்குது. முன்னால விட்டுரும். எனக்குக் காதுதான போச்சு.”

நாளைக்குப் பாளையங்கோட்டை போய்ப் புதியதை வாங்கி வந்து, சாயந்திரமே வாசித்துக் காட்டுகிறேன், வாசிக்க வாசிக்கக் கேட்கும் என்றார் அவர். அவள் வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

“புதுசுல வாசிச்சா அந்த நிமிஷமே முடிஞ்சிரும்,” என்றாள். “இதுல வாசிச்சா மூணு நாள் எனக்குக் காத்துக்கிட்டிருக்க ஒண்ணு இருக்கும்லா. கட்டில்ல கெடக்கவளுக்கு அது போதாதா? வாசிங்க. காது இப்ப கால்வாசிதான், பத்துலயே வைங்க.”

அவர் குமிழைப் பத்தில் வைத்தார். ஆனாலும் உடனே தொடங்கவில்லை. நாலு பதினொன்றுக்குத் திருநெல்வேலி பாசஞ்சர் போகும். கடந்த ஒரு வருஷமாக அது ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. எட்டு வரிக்கு ஆறு நிமிஷம். வியாழக்கிழமை வரப்போகிற சத்தத்தின் மேல் பாசஞ்சர் ஏறிவிடக் கூடாது. அதனால் நாலு ஐந்துக்குத் தொடங்கினார். எட்டாவது வரி முடியவும் பாசஞ்சர் வரவும் சரியாக இருந்தது. உள்ளங்கையைக் கம்பிமேல் அழுத்தி ஒன்றரை நிமிஷம் சும்மா உட்கார்ந்து, பதினோரு பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கியபின், ஒன்பதாவது வரியை ஒரு பிழை இல்லாமல் வாசித்தார். வியாழக்கிழமையும் பாசஞ்சர் அந்த ஒன்றரை நிமிஷ இடைவெளிக்குள் வந்து போய்விடும், அதன்பின் முடிவு வரும். தன் வாழ்நாளில் இவ்வளவு சரியாக ஒன்றையும் செய்ததில்லை என்று அவருக்குப் பட்டது.

செவ்வாய் விடியற்காலை ஞானப்பூவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. செல்லத்துரையின் வேனில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஊர் கேட்டுவரை வந்து நின்றது. திங்கட்கிழமை கட்டிலருகில் உட்கார்ந்து வாசித்தார், செவ்வாய்க்கிழமை தூக்கிவிட்டார்கள், வியாழக்கிழமை சத்தம் வரும்போது என்ன நடக்குமோ என்று அவர் காதுபடவே பேசியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, வியாழன் மத்தியானம், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஞானப்பூ மணி என்ன என்று கேட்டாள். ஒன்றே முக்கால். அப்ப நேரம் இருக்கு, என்றாள்.

செல்லத்துரை அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். கிட்டாரை வேனில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்; கடை நாலு தெரு தள்ளி; இன்றைக்குத்தான் தொண்ணூறாம் நாள். அருமைநாயகம் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். இதற்குள்ளிருந்து இன்னும் ஒரு சத்தம் வர வேண்டியிருக்கிறது, கிட்டாரைக் கொடுத்துவிட்டால் அது வருமா வராதா என்று கேட்டார். அது யாருக்குத் தெரியும் அத்தான், என்றான் செல்லத்துரை. பில்லை மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சுடலைவடிவிடம் வீட்டுச் சாவி இருந்தது. நாலு மணிக்கு முன்வாசல், பின்வாசல், இரண்டு ஜன்னல், நாலையும் திறந்து வைக்கும்படி போனில் சொல்லிவிட்டு அவர் வேனில் ஏறினார். முப்பத்தெட்டு கிலோமீட்டர். இரண்டரைக்குக் கிளம்பினால் மூன்று இருபதுக்குப் போய்விடலாம். ஆனால் ஆஸ்பத்திரி பில்லில் ஒரு கையெழுத்துக்காக மூன்று மணிவரை நிறுத்தினார்கள். அதன்பின் செல்லத்துரை டயருக்குக் காற்றுப் பிடித்தான். அதன்பின் ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஊதிக்கொண்டே நின்றான்.

“லே செல்லத்துரை,” என்றாள் ஞானப்பூ வேனுக்குள் விரித்திருந்த மெத்தையிலிருந்து, “எதுக்கு ஊதுத? டீ எப்பவோ ஆறியிருக்கும்.”

அவன் வேனுக்குள் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்கின பிறகு உள்ளே போவோம்க்கா, ஊரெல்லாம் என்னமோ சொல்லுது, எனக்குப் பயமா இருக்கு என்றான். நாற்பத்தாறு வயது ஆள் தோள் குலுங்க அழுதான்.

“நான் கேக்கணும்னுதான்லே மூணு நாளா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்,” என்றாள் அவள். “வண்டிய எடு.”

எடுத்தான். ஆனால் அந்த இரண்டு நிறுத்தத்தில் பதினான்கு நிமிஷம் போயிருந்தது. நாலு நாலுக்குச் சாமுவேல்விளை கேட் கண்ணில் பட்டபோது அது இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டிலிருந்து வீடு இருநூற்றுப் பதினான்கு காலடி.

அருமைநாயகம் தண்டவாளத்தைப் பார்த்தார். பாசஞ்சருக்கு என்றால் நாலு இரண்டுக்கே கேட் இறங்கியிருக்க வேண்டும். புதிய கேட் கீப்பரைக் கூப்பிட்டுக் கேட்டார். இன்றைக்குப் பாசஞ்சரை மணியாச்சியில் நிறுத்திவைத்துவிட்டுச் சரக்கு வண்டியை முதலில் விடுகிறார்கள், இப்போதுதான் புறப்பட்டிருக்கிறது என்றார் அவர். அருமைநாயகம் மனதுக்குள் கணக்குப் போட்டார். இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தார். அதே விடைதான் வந்தது: நாலு பதிமூன்று.

கேட்டின் இந்தப் பக்கம் வாழைக்காய் லாரி ஒன்று, ஷேர் ஆட்டோ இரண்டு, பைக் ஆறு. எல்லாம் எஞ்சினை ஓடவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வராத வண்டிக்கு எதுக்குவே அடைச்சிருக்கு என்று யாரோ சத்தம் போட்டார்கள். அருமைநாயகம் வேனைவிட்டு இறங்கினார். முப்பத்தோரு வருஷம் அந்த இடத்தில் நின்று அவர்களிடம் ஒரு வார்த்தை பேசாதவர், லாரியின் முன்னால் போய்க் கையைக் கூப்பி, “எஞ்சின அமத்துங்க. ஒம்பது நிமிஷம். என் வீட்டுக்காரி கேக்கணும்,” என்றார்.

லாரிக்காரன் அவரைப் பார்த்தான், வேனின் திறந்த பின்கதவைப் பார்த்தான், சாவியைத் திருப்பினான். ஒவ்வொருவராக அமர்த்தினார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த ஊர்க்காரி ஒருத்தி இறங்கிக் காதைப் பொத்திக்கொண்டு தூரமாக நடந்தாள். கடைசியாகச் செல்லத்துரையும் அமர்த்தினான்.

நாலு ஐந்துக்கு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், திறந்து கிடந்த நாலு வாசல் வழியாக அந்த மெட்டு வந்தது. பத்தில் வைத்த சத்தம், வெயிலில் தெரு முழுக்க நடந்து, கேட்டைத் தாண்டி, வேனுக்குள் ஏறியது. அருமைநாயகம் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து ஞானப்பூவின் கையைப் பிடித்துக்கொண்டார். நாலாவது வரியில் தப்பு இல்லை என்று அவள் விரலால் அவருக்குச் சொன்னாள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது வரியும் முடிந்தது. அவர் பாசஞ்சருக்காக விட்டுவைத்த ஒன்றரை நிமிஷம் தொடங்கியது, பாசஞ்சர் வரவில்லை. ஒரு எஞ்சின் இல்லை, ஒரு ஹாரன் இல்லை, யாரும் செருமக்கூட இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் அந்த கேட் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஞானப்பூவின் முகம் இளகியது.

“இதான் முடிவா?” என்றாள். “நல்லாருக்கு. வண்டி வராமலே முடிஞ்சிட்டு பாருங்க.”

இல்லை, இன்னும் ஒரு வரி இருக்கிறது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அப்போது தண்டவாளம் அதிரத் தொடங்கியது. சரக்கு வண்டி வளைவைத் தாண்டி வந்து, ஊதி, அவர்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் பாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த இரும்புச் சத்தத்துக்கு அப்பால் எங்கோ ஒன்பதாவது வரி வந்து, வாசிக்கப்பட்டு, முடிந்துபோனது. அதைக் கேட்டது தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலடியில் நின்ற சுடலைவடிவு மட்டும்தான். அருமைநாயகம் திறந்த வாயை மூடிக்கொண்டார். பிடித்த கையைக் கடைசிவரை விடவில்லை.

கடைசிப் பெட்டி போயிற்று. புதிய கேட் கீப்பர் கேட்டைத் தூக்கினார். ஆனால் எஞ்சினை முதலில் கிளப்ப யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. எல்லாரும் வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. ஞானப்பூ கண்ணைத் திறந்தே இருந்தாள்.

“எத்தன பெட்டி?” என்று கேட்டாள்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். வண்டி போன திக்கைப் பார்த்தார்.

“எண்ணல,” என்றார்.

“நாப்பத்தி மூணு. மெத்தையில அதிருச்சு, எண்ணிட்டேன். எழுதிக்கிடுங்க, விட்டுப்போயிரும்.”

நோட்டு வீட்டில் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்துப் பின்பக்கம் திருப்பி முழங்கால் மேல் வைத்து, தொண்ணூறு நாளுக்குள் என்று எழுதியிருந்த வரியின் கீழே, அடுத்தவர் எண்ணிய எண்ணை முதன்முதலாக எழுதினார்: நாற்பத்து மூன்று.